மாடு வாய் திறக்காமல் சொல்வது

கறவை மாடுகளின் நலனையும் உடல்நிலையையும் ஆய்வாளர்கள் எப்படி அளக்கிறார்கள் என்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பால் நன்றாகக் கறக்கிறது என்றால் மாடு நலமாக இருக்கிறது என்றுதானே பொருள்? அதற்கு மேல் அளக்க என்ன இருக்கிறது?

பதில்: அப்படிப் பொருள் இல்லை. கன்று ஈன்ற முதல் சில வாரங்களில் மாடு தின்பதைவிட அதிகமாகவே பாலில் கொட்டிவிடுகிறது. பற்றாக்குறையை உடம்புக் கொழுப்பைக் கரைத்து ஈடுகட்டுகிறது. பால் கேன் நிறைகிற அதே நாட்களில், கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கலாம். அந்தக் கீட்டோன்களில் ஒன்றான பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் லிட்டருக்கு 1.2 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் அது மறைநிலைக் கீட்டோசிஸ். ஈன்ற 3-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை ஒரு சொட்டு இரத்தத்தைக் கைமீட்டரில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை பிடிபடும். மாடு மெலிந்திருக்கிறதா, கொழுத்திருக்கிறதா என்று காட்டும் உடல்கட்டு மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1 முதல் 5 வரையுள்ள அளவுகோலில் ஈனும்போது 3 முதல் 3.25 இருப்பது நல்லது. அதன்பின் அரைப்புள்ளிக்கு மேல் இறங்கினால் கவலைப்பட வேண்டியதுதான்.

நலன் என்பதை ஆய்வாளர்கள் மூன்று பக்கமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: உடல் சரியாக இயங்குகிறதா, வலி, பயம், இன்பம் போன்ற உணர்வுகள் எப்படி இருக்கின்றன, இனத்துக்குரிய இயல்பான நடத்தைக்கு இடம் இருக்கிறதா. பிரிட்டனில் 1965-இல் வெளிவந்த பிராம்பெல் குழு அறிக்கை, விலங்கு எழ, படுக்க, திரும்ப, உடம்பை நக்கிக்கொள்ள, கால் நீட்ட இடம் வேண்டும் என்றது. பசி, வலி, பயம் முதலியவற்றிலிருந்து விடுதலை என்று இன்று பரவலாகச் சொல்லப்படும் 'ஐந்து சுதந்திரங்கள்' அதிலிருந்து வளர்ந்தவை. ஐரோப்பாவில் 2009-இல் வந்த 'வெல்ஃபேர் குவாலிட்டி' மதிப்பீட்டு முறை அடுத்த அடியை வைத்தது: கொட்டகையின் நீள அகலத்தை விட்டுவிட்டு முதலில் மாட்டைப் பார். பின்னங்கால் முட்டியில் மயிர் உதிர்ந்திருக்கிறதா, படுக்கும்போது கம்பியில் இடித்துக்கொள்கிறதா, மடி சேறாக இருக்கிறதா? கொட்டகையை டேப் வைத்து அளப்பது சுலபம். இன்னும் பலர் அதோடு நின்றுவிடுவதற்கு அந்தச் சுலபம்தான் காரணம் என்று நினைக்கிறோம்.

கேள்வி: எங்கள் பண்ணையில் நொண்டுகிற மாடு இரண்டோ மூன்றோதான். ஆய்வுக்கு வந்தவர்கள் நாலில் ஒன்று நொண்டுகிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள். இப்படி வித்தியாசம் வருமா?

பதில்: வரும். பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் வரும், பண்ணைக்காரர் எண்ணிக்கை குறைவாக. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 50 பண்ணைகளில் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், ஆய்வாளர்கள் கணக்கிட்ட நொண்டல் ஏறத்தாழ 25 விழுக்காடு. அது பண்ணை மேலாளர்கள் சொன்னதைப்போல் 3 மடங்கு. மேலாளர்கள் பொய் சொல்லவில்லை. காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாட்டைத்தான் அவர்கள் நொண்டி என்று எண்ணுகிறார்கள். தினமும் பார்க்கிற மாடு மெல்ல மெல்ல நடை மாறினால் கண்ணுக்கு அது பழகிவிடும்.

நீங்களே எண்ணிப் பாருங்கள். பால் கறந்து முடிந்து மாடுகள் திரும்பிப் போகிற வழியில், சமமான, கெட்டியான, வழுக்காத தரையாகப் பார்த்து நில்லுங்கள். பக்கவாட்டில் சில மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பின்னால் நின்றால் முதுகு வளைவது தெரியாது. மாடு தன் போக்கில் குறைந்தது நாலைந்து எட்டு வைக்கட்டும், விரட்டக் கூடாது. நிற்கும்போதும் நடக்கும்போதும் முதுகு நேராக இருந்தால் மதிப்பெண் 1. நிற்கும்போது நேராகவும் நடக்கும்போது வளைந்தும் இருந்தால் 2. இரண்டிலும் வளைந்து, எட்டு குறுகினால் 3. ஏதோ ஒரு காலைக் காப்பாற்றிக் காப்பாற்றி வைத்தால் 4. காலை ஊன்றவே மறுத்தால் 5. 3-இலிருந்து நொண்டல் கணக்கில் சேரும். பின்கால் குளம்பு முன்கால் பதிந்த இடத்திலேயே விழுகிறதா, ஒவ்வொரு எட்டுக்கும் தலை ஏறி இறங்குகிறதா என்பவை கூடுதல் அடையாளங்கள்.

எங்கே தவறும்? மடி நிரம்பிய மாடு கறவைக்கு முன் கால்களை அகட்டி நடக்கும், அதை நொண்டல் என்று எழுதிவிடுவார்கள். வழுக்குத் தரையில் எல்லா மாடுமே குறுக எட்டு வைக்கும். இன்னொரு பிழை பார்ப்பவர் பக்கம். ஒரே மாட்டுக்கு இன்று 2 போட்டவர் அடுத்த வாரம் 3 போடுவார். அதனால்தான் ஆய்வில் மதிப்பிடுபவர்களுக்கு முதலில் வீடியோவில் பயிற்சி கொடுத்து, இருவர் மதிப்பெண் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கப்பா என்ற புள்ளியியல் அளவால் சோதிக்கிறார்கள். வெறும் விழுக்காடு போதாதா என்றால் போதாது. மந்தையில் பெரும்பாலானவை 1-உம் 2-உமாக இருந்தால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் தற்செயலாகவே கணிசமாக ஒத்துப்போய்விடும். கப்பா 0.6-க்குக் கீழே இருந்தால் மறுபடி பயிற்சிக்கு அனுப்புவது நல்லது.

3 வந்த மாட்டை 4 ஆகும்வரை வைத்திருக்காதீர்கள். புண் பெரும்பாலும் பின்னங்காலின் வெளிப்புறக் குளம்பில் இருக்கும். புதிதாக நொண்டத் தொடங்கிய மாடுகளில், குளம்பைச் சீவி, அதே காலின் நல்ல குளம்புக்கு அடியில் கட்டை ஒட்டி, மருத்துவர் சொல்படி 3 நாள் வலிநிவாரணியும் கொடுத்தபோது குணமானவை அதிகம். சீவியதோடு விட்டபோது குறைவு. மெலிந்த மாட்டுக்கு இந்தத் தொல்லை கூடுதலாக வரும். எலும்புக்கும் குளம்புக்கும் நடுவே மெத்தைபோல் ஒரு கொழுப்புத் திண்டு உண்டு. உடம்பு வற்றும்போது அதுவும் மெலிந்துபோகிறது. முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன உடல்கட்டு மதிப்பெண் இங்கேயும் வேலை செய்கிறது, பாருங்கள்.

கேள்வி: மாட்டுக்கு எது பிடிக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்வதெல்லாம் ஊகம்தானே? அது பேசாதே!

பதில்: பேசாது. விலை கொடுக்கும். அந்த விலையை அளக்கலாம். தள்ளினால் திறக்கிற ஒரு கதவு, அதில் எடை ஏற்றிக்கொண்டே போகலாம். கதவுக்கு அப்பால் மாட்டுக்கு வேண்டிய ஒன்று இருக்கும். இன்று லேசாகத் தள்ளினால் போதும், நாளை இன்னும் கொஞ்சம் பலமாக. எந்த எடையில் மாடு 'போதும்' என்று விட்டுவிடுகிறதோ, அதுதான் அந்தப் பொருளுக்கு அது வைத்த விலை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மேய்ச்சல் நிலத்துக்குப் போக மாடுகள் தள்ளிய எடை, கறவைக்குப் பின் புதுத் தீவனத்துக்காகத் தள்ளிய எடைக்கு ஈடாக இருந்தது. மறு ஆண்டு, உடம்பு சொறிந்துகொள்ளும் சுழலும் பிரஷ்ஷுக்கும் அப்படியே. பிரஷ் இல்லாத வெறும் இடத்துக்குப் போக அவ்வளவு பாடுபடவில்லை. அந்த வெறும் இடம் இல்லாமல் சோதனை நடத்தியிருந்தால், மாடு பிரஷ்ஷுக்காகத் தள்ளியதா, சும்மா வெளியே போகத் தள்ளியதா என்று யாரும் பதில் சொல்லியிருக்க முடியாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். விருப்பம் நேரத்துக்கு நேரம் மாறும். வெயில் ஏறினால் அதே மாடு நிழலான கொட்டகைக்குள் வந்துவிடும், மேய்ச்சலை இரவுக்கு வைத்துக்கொள்ளும். பகலில் மட்டும் பார்த்தவர் 'மாட்டுக்குப் புல்வெளி பிடிக்கவில்லை' என்று எழுதிவிடக்கூடும். பிடிப்பதெல்லாம் நல்லதும் அல்ல. அடர்தீவனத்தை விட்டுவைத்தால் மாடு வயிறு புளிக்கப் புளிக்கத் தின்னும்.

கேள்வி: கன்றுக்குக் கொம்புக் குருத்தைச் சுடும்போது மரத்துப்போகும் ஊசி போட்டால் போதாதா? வலிநிவாரணி தனியாக எதற்கு?

பதில்: இரண்டும் வேறு வேறு வலிகளுக்கு. மரத்துப்போகும் ஊசியில் உள்ள லிடோகெய்ன் சூடு வைக்கும் நேரத்து வலியைத் தடுக்கும். இரண்டு, மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன்பின் வருவது புண்ணின் அழற்சி வலி. அதற்குத்தான் மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி. மாட்டின் உடலில் அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும் என்பதால் ஒரே ஊசி நெடுநேரம் தாங்கும். வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். இரண்டையும் கால்நடை மருத்துவர்தான் போட வேண்டும்.

மரத்துப்போகும் ஊசி எங்கே தவறுகிறது என்றால், இடத்திலும் பொறுமையிலும். கண்ணின் வெளி மூலைக்கும் கொம்பின் அடிக்கும் நடுவழியில், தொட்டால் தட்டுப்படும் எலும்பு விளிம்புக்குக் கீழே கொம்பு நரம்பு ஓடுகிறது. ஒரு பக்கத்துக்கு 2 விழுக்காடு லிடோகெய்ன் சுமார் 5 மில்லி. போட்டவுடன் சூட்டுக்கோலை எடுக்கக் கூடாது. 10 நிமிடமாவது காத்திருந்து, குருத்தைச் சுற்றி ஊசி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். கன்று தலையை வெடுக்கென்று இழுத்தால் நரம்பு பிடிபடவில்லை, மறுபடி போட வேண்டும். மயக்க ஊசி மட்டும் போட்டால் கன்று அசையாமல் கிடக்கும். அசையவில்லை என்பதற்காக வலிக்கவில்லை என்று எழுதிவிட முடியாது. குருத்து மண்டை ஓட்டோடு ஒட்டுவதற்கு முன், அதாவது 2 மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

வலி மனநிலையையும் மாற்றுகிறது என்று 2013-இல் ஒரு சோதனை காட்டியது. திரையில் ஒரு நிறம் வந்தால் போய்த் தொட்டுப் பால் பெறலாம், மற்ற நிறத்தைத் தொட்டால் பால் கிடைக்காது, கொஞ்ச நேரம் ஆட்டத்திலிருந்து விலக்கு. கன்றுகள் இதைக் கற்றுக்கொண்டன. பிறகு இரண்டுக்கும் நடுவான நிறங்களைக் காட்டினார்கள். கொம்பு சுட்டபின் அதே கன்றுகள் நடுநிறங்களைத் தொடத் தயங்கின. 'பால் கிடைக்காது' என்ற பக்கமே சாய்ந்தன. தாயிடமிருந்து பிரித்த பிறகும் இதே சாய்வு தெரிந்தது.

சூடே வேண்டாம் என்றால் வழி காளைத் தேர்வில் இருக்கிறது. கொம்பின்மை ஒரு ஓங்கு மரபணு. இரு பிரதியும் உள்ள கொம்பில்லாக் காளைக்குப் பிறக்கும் கன்றுகள் எல்லாம் கொம்பில்லாதவை. ஒரு பிரதி மட்டும் என்றால் கொம்புள்ள பசுக்களில் ஏறத்தாழப் பாதி.

கேள்வி: சீம்பால் கொடுக்கிறோம், அதுவும் நன்றாகக் கெட்டியாக, மஞ்சளாக. ஆனாலும் கன்றுகளுக்குக் கழிச்சல் நிற்கவில்லை. எங்கே பிசகு?

பதில்: கெட்டியும் மஞ்சளும் எதையும் உறுதிப்படுத்தாது. நோய் எதிர்ப்புப் புரதமான ஐஜிஜி எவ்வளவு என்பதுதான் கேள்வி. திரவத்தில் கரைந்திருக்கும் திடப்பொருளைக் காட்டும் சிறு கருவியான பிரிக்ஸ் மீட்டரில் அளக்கலாம். முதலில் காய்ச்சி வடித்த நீரை வைத்து 0-க்குச் சரிசெய்யுங்கள். சீம்பாலை நன்றாகக் கலக்கி, அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு, ஒரு சொட்டு. 22 விழுக்காடு அல்லது மேலே என்றால் லிட்டருக்குச் சுமார் 50 கிராம் ஐஜிஜி, முதல் ஊட்டுக்கு ஏற்றது. குறைந்தால் அதை இரண்டாம் ஊட்டுக்கு வைத்துவிட்டு, உறையவைத்த நல்ல சீம்பாலை எடுங்கள்.

அடுத்தது கணக்கு. 40 கிலோ கன்றுக்கு உடல் எடையில் 10 விழுக்காடு, அதாவது 4 லிட்டர், பிறந்த 2 மணி நேரத்துக்குள். 12 மணி நேரத்துக்குள் இன்னொரு 2 லிட்டர். லிட்டருக்கு 50 கிராம் உள்ள சீம்பால் 2 லிட்டர் மட்டும் கொடுத்தால் 100 கிராம்தான் உள்ளே போகும். இரண்டு ஊட்டையும் முழுதாகக் கொடுத்தால் 300. குடல் இந்தப் புரதத்தை அப்படியே உறிஞ்சும் கதவு மணிக்கு மணி மூடிக்கொண்டு வந்து, 24 மணி நேரத்தில் சாத்திக்கொள்ளும். மாலையில் பிறந்த கன்றுக்கு மறுநாள் காலையில் நல்ல சீம்பால் கொடுப்பது பெரும்பாலும் வீண். மடியிலேயே விட்டுவைத்தாலும் நட்டம்தான். ஈன்ற 2 மணி நேரத்தில் கறந்ததோடு ஒப்பிட்டால், 6 மணி நேரத்தில் கறந்த சீம்பாலில் ஐஜிஜி 17 விழுக்காடும், 14 மணி நேரத்தில் 33 விழுக்காடும் குறைந்திருந்ததாக ஒரு ஆய்வு அளந்திருக்கிறது.

உங்கள் கழிச்சலுக்கு எங்கள் முதல் சந்தேகம் பாத்திரத்தின் மேல். வெதுவெதுப்பான சீம்பாலில் பாக்டீரியா அரை மணி நேரத்துக்குள் இரட்டிக்கும். ஒரு மில்லியில் 1,00,000-க்கு மேல் போனால் கிருமி உள்ளே போவதோடு ஐஜிஜி உறிஞ்சலும் குறையும். உடனே கொடுங்கள், இல்லையென்றால் உடனே குளிரூட்டுங்கள். வாளியையும் குழாயையும் கொழுப்பு படியாமல் தேய்த்துக் காயவையுங்கள்.

எல்லாம் சரியாக நடந்ததா என்று கன்றைக் கேட்கலாம். 1 நாளுக்கும் 7 நாளுக்கும் இடையே இரத்தம் எடுத்து, உறைந்தபின் பிரியும் தெளிநீரான சீரத்தைப் பிரித்து, அதே பிரிக்ஸ் மீட்டரில் வையுங்கள். 8.4 விழுக்காடு வந்தால் லிட்டருக்கு 10 கிராம் ஐஜிஜி என்ற குறைந்தபட்சம் தேறியது. அதோடு திருப்தி அடைந்த காலம் போய்விட்டது. இப்போது மந்தையில் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கன்றுகள் 25 கிராமைத் தொட வேண்டும், 10 கிராமுக்குக் கீழே 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இலக்கு. கழிச்சலில் நீர் வற்றிய கன்றின் சீரம் பொய்யாகக் கூடுதல் காட்டும், அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: மடிநோய்ச் சோதனைத் தட்டில் நாலு கிண்ணமும் கூழாகிறது, ஆனால் பால் நன்றாக இருக்கிறது. மருந்து கெட்டுவிட்டதா?

பதில்: முதலில் மாடு ஈன்று எத்தனை நாள் என்று பாருங்கள். ஈன்ற முதல் சில நாட்களிலும், பால் வற்றப்போகும் கடைசி நாட்களிலும் பாலில் உள்ள செல்களின் (பெரும்பாலும் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள்) எண்ணிக்கை இயல்பாகவே நாலு காம்பிலும் கூடியிருக்கும். மடிநோய் என்றால் பெரும்பாலும் ஒரு காம்பு மற்றவற்றிலிருந்து விலகித் தெரியும். கறந்து முடித்தபின் எடுத்த கடைப்பாலிலும் செல் அதிகம். முதல் சில பீச்சலை வேறு பாத்திரத்தில் விட்டு, அடுத்ததை எடுங்கள். கிண்ணத்துக்கு 2 மில்லி பால், அதே அளவு மருந்து, 10 விநாடி வட்டமாகச் சுழற்றி, 20 விநாடிக்குள் படித்துவிட வேண்டும். மருந்து செல்லை உடைத்து அதன் டிஎன்ஏவைக் கூழாக்குகிறது. லேசான கூழ் சீக்கிரம் கரைந்துவிடும். ஒரு மில்லியில் 2,00,000 செல்லுக்கு மேல் என்றால் அந்த மடிப்பகுதியில் தொற்று இருப்பதாகக் கொள்கிறார்கள்.

எந்தக் கிருமி என்று அறிய ஆய்வகத்துக்கு அனுப்புவதானால், 70 விழுக்காடு ஆல்கஹால் பஞ்சால் தூரத்துக் காம்புகளை முதலில் துடைத்து, அருகிலுள்ளவற்றைக் கடைசியில் துடையுங்கள். பால் எடுக்கும்போது வரிசை தலைகீழ், அருகிலுள்ளது முதலில். இல்லையென்றால் துடைத்த காம்பில் உங்கள் கையே உரசும். குழாயைச் சாய்த்துப் பிடியுங்கள். ஒரே மாதிரியில் மூன்று வகைக் கிருமி வளர்ந்தால் அது மாட்டின் நோயைக் காட்டவில்லை, எடுத்தவர் கையைக் காட்டுகிறது.

கேள்வி: கழுத்துப்பட்டை சென்சார் நோயை முன்கூட்டியே சொல்லிவிடுமாமே? அப்புறம் ஆள் எதற்கு?

பதில்: முன்கூட்டியே தெரிவது உண்மை. கருப்பை அழற்சி கடுமையாக வரப்போகும் மாடுகள் ஈனுவதற்கு முன்பே தீவனத் தொட்டியில் நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்கின்றன என்று 2007-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அசைபோடும் நேரமும் அப்படித்தான், நாளுக்கு 7, 8 மணி நேரம் இருப்பது திடீரென்று சரியும். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1,000 மாடு, அதில் 20 நோயாளி. சென்சார் நோயுள்ளவற்றில் 90 விழுக்காட்டைப் பிடிக்கிறது, நோயில்லாதவற்றில் 95 விழுக்காட்டைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அலாரம் அடிப்பது 18 நோயாளிக்கும், நோயில்லாத 49 மாட்டுக்கும். மூன்று, நாலு அலாரத்துக்கு ஒன்றுதான் மெய். அந்த 67 மாட்டையும் போய்ப் பார்த்து, காய்ச்சல் அளந்து, 18-ஐப் பிரித்தெடுக்கத்தான் ஆள். விளம்பரத்தில் 90 மட்டும்தான் இருக்கும்.

படுக்கும் நேரத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கொட்டகை மாடு நாளுக்கு 10 முதல் 12 மணி நேரம் படுக்க விரும்புகிறது. படுக்கை, தீவனம் இரண்டும் கிடைக்காமல் வைத்திருந்து, பிறகு அவிழ்த்துவிட்டால் முதலில் படுக்கத்தான் போகும். 14 மணி நேரம் படுத்த மாடு சுகமாக இருக்கலாம், கால் வலியில் எழ முடியாமலும் கிடக்கலாம்.

கேள்வி: வெப்ப அயர்ச்சியை எந்த வெப்பநிலையிலிருந்து கணக்கில் எடுப்பது?

பதில்: வெப்பநிலை மட்டும் போதாது, ஈரப்பதமும் வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே குறியீட்டு எண்ணாக்க வேண்டும். செல்சியஸ் வெப்பத்தை 1.8-ஆல் பெருக்கி 32 கூட்டுங்கள். இது முதல் எண். ஈரப்பத விழுக்காட்டை 0.0055-ஆல் பெருக்கி 0.55-இலிருந்து கழியுங்கள். வந்ததை, வெப்பத்தின் 1.8 மடங்கில் 26 குறைத்த எண்ணால் பெருக்கி, முதல் எண்ணிலிருந்து கழியுங்கள். 30 டிகிரி, 70 விழுக்காடு என்றால் 86-இலிருந்து 4.6 போக 81. அந்தக் குறியீட்டுக்கு முன்பு 72 எல்லை என்றார்கள். அதிகம் கறக்கும் மாட்டுக்கு 68-லேயே பால் குறையத் தொடங்குகிறது என்று பின்னர் தெரிந்தது. 50 விழுக்காடு ஈரப்பதத்தில் 22 டிகிரியே 68-ஐத் தொட்டுவிடும். நமக்கு இதமான நாள் அது. கருவி இல்லாவிட்டால் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் மாடு திணறுகிறது.

பால் குறைவது அன்றைக்கே தெரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான். சினையிலிருக்கும் வற்றிய மாட்டையும் குளிர்விக்க மறக்காதீர்கள். அதைக் காயவிட்டால் அடுத்த ஈற்றில் பால் குறையும், கன்றும் எடை குறைந்து பிறக்கும்.

கேள்வி: இரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனைப் பார்த்தால் மாட்டின் மன அழுத்தம் தெரிந்துவிடாதா?

பதில்: ஊசி குத்தப் பிடித்துக் கட்டிய சில நிமிடத்திலேயே அது ஏறிவிடும், அளப்பது உங்களால் வந்த அழுத்தத்தைத்தான். சாணத்தில் பார்த்தால் ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கு முந்தைய நிலை தெரியும், மயிரில் வாரங்கள், மாதங்கள். கார்டிசால் பயத்திலும் ஏறும், பருவத்துக்கு வந்த துள்ளலிலும் ஏறும். நடத்தையைச் சேர்த்துப் பார்க்காமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி: மாடு ஆளை அடையாளம் கண்டு பயப்படுமா? அதை அளக்க முடியுமா?

பதில்: படும். முரட்டுத்தனமாக நடத்தியவர் கறவையின்போது அருகில் நின்றாலே மடியில் தங்கிவிடும் பால் 70 விழுக்காடு கூடியதாக 1999-இல் வெளிவந்த சோதனை ஒன்றில் பதிவாகியிருக்கிறது. அளக்க ஒரு கை போதும். தீவனத் தொட்டியில் நிற்கும் மாட்டின் முன் 2 மீட்டர் தள்ளி நின்று, கையை உடம்பிலிருந்து 45 டிகிரியில் நீட்டி, புறங்கை மேலே இருக்க, விநாடிக்கு ஒரு எட்டாக நடந்து வாருங்கள். கண்ணுக்குள் உற்றுப் பார்க்காதீர்கள், மூக்கைப் பாருங்கள். மாடு பின்வாங்கும் கணத்தில் உங்கள் கைக்கும் அதன் மூக்குக்கும் உள்ள தூரத்தை 10 சென்டிமீட்டர் கணக்கில் குறியுங்கள். தொடவிட்டால் 0. பக்கத்து மாடு மிரண்டு அதனால் இது பின்வாங்கியிருந்தால் அந்த எண்ணை விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வாருங்கள். தினமும் தீவனம் போடுபவர் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அவர் கையை நோக்கி மாடு எதிரே வந்துவிடும்.